கரடிக்கு எத்தனை பங்கு? எழுமாற்று அட்டவணைகள் கைமாறும்போது தொலைவது என்ன

ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆட்டத்தை நடத்துபவர் எல்லாவற்றையும் முன்னரே எழுதி வைத்துக்கொண்டு மேசைக்கு வருவதில்லை. ஆட்டக்காரர்கள் எந்த வழியால் போவார்கள், எங்கே தங்குவார்கள், யாரோடு வாய்ச்சண்டை பிடிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியாது. ஆகவே எதிர்ப்படக்கூடியவற்றை ஒரு வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, தேவைப்படும் நேரத்தில் தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நேரே இருப்பதைக் கதைக்குள் கொண்டுவருகிறார். இதுவே எழுமாற்று அட்டவணை. காட்டுவழியில் சந்திப்பவை, ஊருக்குள் அடிபடும் கதைகள், பாழடைந்த மண்டபத்தில் கிடைக்கும் பொருட்கள், அன்றைய வானிலை என எதற்கும் ஓர் அட்டவணை எழுதலாம். இன்று இத்தகைய அட்டவணைகளை ஆட்டக்காரர்களே பெருமளவில் எழுதி, இணையத்தின் வழியாக ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்து வாங்குகிறார்கள். அப்படிக் கைமாறும்போது அட்டவணையின் வரிகள் பெரும்பாலும் பத்திரமாக வந்து சேர்ந்துவிடுகின்றன. வந்து சேராதது அவ்வரிகளின் எடை, அதாவது எது அடிக்கடி வரும், எது அபூர்வமாக வரும் என்ற கணிப்பு. வன்னியைப் போன்ற ஒரு நிலத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவர முயல்பவருக்கு இது சிறிய இழப்பு அன்று. அந்நிலத்தைப் பற்றி அவர் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த எடைகளில்தான் இருக்கிறது.

அட்டவணை இவ்விளையாட்டோடு கூடவே பிறந்தது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதற்பதிப்பின்படி, நிலவறைக்குள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நடத்துநர் ஓர் ஆறுமுகக் கட்டையை உருட்டுவார். ஆறு விழுந்தால் அலைந்து திரியும் ஏதோவொன்று எதிர்ப்படும், அது எது என்பதை அட்டவணை சொல்லும். 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டு, இரண்டு ஆறுமுகக் கட்டைகளைக் கொண்டு ஒரு கோளின் பருமனையும் வளிமண்டலத்தையும் மக்கள்தொகையையும் தீர்மானித்தது. 1979இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துநர் கையேட்டின் ஒரு பின்னிணைப்பு, ஒருவர் தனியே இருந்து உருட்டி உருட்டி ஒரு முழு நிலவறையையும் வரைந்துகொள்ள வழிசெய்தது. அக்காலத்தில் அட்டவணையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் அச்சிட்ட பக்கத்தையே கொடுப்பதாகும். எந்தக் கட்டையை உருட்ட வேண்டும் என்பதும் அதே பக்கத்தின் தலைப்பில் இருந்ததால், வரியையும் எடையையும் பிரிப்பதற்கு அதிக வாய்ப்பு இருக்கவில்லை.

மெய்நிகர் மேசைகள் வந்த பிறகுதான் இரண்டும் பிரிந்தன. வரைபடம், பாத்திர அட்டை, தாயக்கட்டை, அரட்டை எல்லாவற்றையும் திரையில் தரும் இம்மென்பொருட்களில் பேன்டசி கிரவுண்ட்ஸ் 2004இலும் ரோல்20 2012இலும் பவுண்ட்ரி 2020இலும் வெளிவந்தன. கிளிநொச்சியில் இரவு எட்டு மணிக்கு அமர்பவரோடு, மாலை மூன்றரைக்கு லண்டனில் இருக்கும் மைத்துனரும், காலை பத்தரைக்கு ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரியும் ஒரே மேசையில் ஆடலாம். (அது கோடைகாலக் கணக்கு, குளிர்காலத்தில் அங்குள்ளவர்கள் ஒரு மணித்தியாலம் முந்தியே வந்தாக வேண்டும்.) பவுண்ட்ரியில் நடத்துநரின் கணினியே சேவையகமாக இயங்க முடியும். ஆனால் கைபேசி இணைப்பில் பல பாவனையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வது வழக்கமாதலால், வெளியிலிருப்பவர்கள் அந்தக் கணினியை எட்ட முடியாமல் போவதுண்டு. எனவே சேவையகம் வெளிநாட்டு உறவினரிடமோ வாடகைக்கு எடுத்த கணினியிலோ இருக்க, அட்டவணையை எழுதுபவர் ஒருவராகவும் அதை மென்பொருளுக்குள் ஏற்றுபவர் இன்னொருவராகவும் ஆகிவிடுகிறார்கள். எடை தொலையும் முதற்கட்டம் இந்தக் கைமாற்றம்தான்.

ஓர் உதாரணத்தைக் கணக்கோடு பார்ப்பது நல்லது. இரண்டு ஆறுமுகக் கட்டைகளை உருட்டிக் கூட்டினால் 2 முதல் 12 வரை 11 விடைகள் கிடைக்கும். அவை விழக்கூடிய வழிகள் மொத்தம் 36. ஏழு விழுவதற்கு 6 வழிகள் உண்டு, இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழிதான். காலபோகத்தில், பொழுதுபடும் வேளையில், ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுக் குளத்தை நோக்கிக் காட்டுப்பாதையால் நடப்பவர்களுக்காக ஒருவர் அட்டவணை எழுதுகிறார் என்று கொள்வோம். வயல்களில் பயிர் நிற்கும் காலமாதலால், மாடுகளைக் காட்டுக்கரைக்குச் சாய்த்துக்கொண்டு போகும் பட்டிக்காரரை அவர் ஏழில் வைக்கிறார். ஆறில் பெருமழை, எட்டில் துவிச்சக்கர வண்டியில் விறகு கட்டி வரும் ஒருவர், ஐந்தில் மான்கூட்டம், ஒன்பதில் சேற்றில் புதைந்த உழவு இயந்திரம். நான்கில் காட்டுப்பன்றி, பத்தில் சூடு ஆறாத யானை இலத்தி, மூன்றில் மரை, பதினொன்றில் குட்டிகளோடு யானைக்கூட்டம். கரடி இரண்டிலும், கூட்டத்தை விட்டுப் பிரிந்த தனியன் யானை பன்னிரண்டிலும் இருக்கின்றன. கரடி வரும் நிகழ்தகவு 36இல் 1, அதாவது ஏறத்தாழ 2.8 சதவீதம், பட்டிக்காரர் வருவது 16.7 சதவீதம்.

இப்போது இந்த 11 வரிகளை ஒருவர் பிரதியெடுத்து, இன்னொருவர் அவற்றை மென்பொருளில் வரிசையாக ஒட்டிவிடுகிறார். மென்பொருளுக்குத் தெரிந்தது 11 வரிகள் மட்டுமே, ஆகவே அது எல்லாவற்றுக்கும் சமபங்கு கொடுக்கிறது. கரடியும் 9.1 சதவீதம், பட்டிக்காரரும் 9.1 சதவீதம். ஒரு பயணத்தில் ஆறு தடவை உருட்டப்பட்டால், ஒருமுறையாவது கரடி வருவதற்கு முதல் அட்டவணையில் 16 சதவீத வாய்ப்பு இருந்தது. இரண்டாவதில் அது 44 சதவீதத்தை எட்டுகிறது. வரிகளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் இரண்டாவது அட்டவணை விவரிக்கும் காட்டில் இரண்டு பயணத்துக்கு ஒருமுறை கரடி பாய்கிறது. மாடு சாய்ப்பவர்களோ அரிதாகிவிட்டார்கள். வன்னிக்காட்டை அறிந்த எவரும் அதைத் தம் காடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பழுது எப்போதும் ஒட்டுபவரின் கவனக்குறைவால் வருவதில்லை. ரோல்20 அட்டவணைகளில் எந்தக் கட்டையை உருட்டுவது என்று குறிக்கும் இடமே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எடை எண் மட்டும் உண்டு. அங்கே நமது அட்டவணையை ஏற்றுபவர் 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1 என்று எடைகளைத் தாமே இட வேண்டும். பவுண்ட்ரியில் கட்டையின் சூத்திரம், ஒவ்வொரு வரிக்கும் உரிய எண் வீச்சு, எடை ஆகிய மூன்றும் தனித்தனியே உள்ளன. சூத்திரத்தில் இரண்டு ஆறுமுகக் கட்டைகளைக் குறித்து, வீச்சுகளைச் சரியாக இட்டு, எடைகளை மட்டும் மென்பொருள் தானாகத் தரும் 1 என்றே விட்டிருந்தாலும் அட்டவணை ஒழுங்காக இயங்கும். பின்னர் யாராவது வரிகளைச் சீராக்கும் பொத்தானை அழுத்தினால், மென்பொருள் எடைகளை மட்டும் பார்த்து வீச்சுகளைத் திருத்தி, சூத்திரத்தையும் ஒற்றைக் கட்டையாக மாற்றிவிடும். கூம்பி நின்ற அட்டவணை ஒரே அழுத்தில் தட்டையாகிறது. எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே பகிரும் எண்ணமுள்ளவர், தமது மென்பொருளுக்குத் தேவையில்லாவிட்டாலும், எடைகளையும் நிரப்பியே வைக்க வேண்டும்.

எடையோடு சேர்ந்து தொலைபவை வேறும் உண்டு. ஒருமுறை வந்த வரி மறுபடி வரலாமா கூடாதா என்பது அவற்றுள் ஒன்று. ஊர்க்கதைகளின் அட்டவணையில் அதே கதை மூன்று பேரிடம் கேட்டால் ஆட்டம் கேலியாகிவிடும். மழையோ எத்தனை முறையும் வரலாம். உருட்டும் தருணம் மற்றொன்று. மணித்தியாலத்துக்கு ஒருமுறை உருட்ட எழுதப்பட்டதை நாளுக்கு ஒருமுறை உருட்டினால் எடைகள் சரியாக இருந்தும் பயனில்லை.

பருவம் தனியே பேசப்பட வேண்டியது. ஆங்கில உலகிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் காட்டு அட்டவணைகள் பெரும்பாலும் பனி விழும் நாடுகளின் காட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஓநாய்க்கூட்டமும் வழித்தங்கல் மதுச்சாலையும் அவற்றில் தவறாமல் வரும். இலங்கையில் ஓநாய் இல்லை, நரி உண்டு. தமிழில் மாற்றி எழுதுபவர்கள் பலர் ஓநாயை நரியாக்கி, மதுச்சாலையைத் தேநீர்க்கடையாக்கி, வேலை முடிந்ததென்று கருதுகிறார்கள். பெயர் மாறிவிட்டது, நரி வரும் வீதமோ இன்னும் வடஐரோப்பிய ஓநாயின் வீதமாகவே இருக்கிறது. இவ்வகைத் தழுவலை நான் அரைகுறை என்றே மதிப்பேன்.

வன்னியில் எடைகளை ஆட்டிவைப்பது நீரும் பழமும் நெல்லும். வடகீழ்ப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் காடெங்கும் நீர் நிற்பதால் விலங்குகள் பரந்து திரியும்; வெள்ளம் பாயும் ஆற்றுக் கடவைகளே வழிப்போக்கருக்குப் பெரிய தடை. பாலியாறும் பறங்கியாறும் கனகராயனாறும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஓடுபவை அல்ல. நெல் முற்றும் தை, மாசியில் யானை வயற்கரைக்கு நெருங்கும், ஆகவே பதினொன்றில் இருந்த யானைக்கூட்டம் ஒன்பதுக்கு இறங்கி வர வேண்டும். காவற்குடிலில் இரவு விழித்திருப்பவரும் அட்டவணைக்குள் வருவார். மழை ஓய்ந்து வரட்சி தொடங்கியபின் பாலை மரங்கள் பழுக்கும்போது கரடி அம்மரங்களை நாடி வரும், பழம் பொறுக்க மனிதரும் போவார்கள். அந்தக் காலத்தில் கரடிக்கு இரண்டில் வைத்த இடம் போதாது. அதை நான்குக்குக் கொண்டுபோனால் நிகழ்தகவு 36இல் 3, அதாவது 8.3 சதவீதம் ஆகும். அதற்குப் பிறகு குளங்கள் வற்ற வற்ற, எஞ்சிய நீரோரங்களில் எல்லாமே ஒன்றுகூடும். ஏறத்தாழ அதே வரிகளை வைத்துக்கொண்டு எண்களை இடம் மாற்றினால் ஓர் ஆண்டின் நான்கு வேறு காடுகள் கிடைக்கின்றன. இந்த மாற்றங்களை ஊகிக்க நூலகம் தேவையில்லை. விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போய்ப் பழகிய ஒரு பெரியப்பாவிடம், எந்த மாதம் எதைக் கண்டீர்கள் என்று கேட்டால் போதும். ஆனால் அவர் சொன்னதை வரியாக மட்டும் எழுதி எடையாக எழுதாவிட்டால், கேட்டதில் பாதி வீண்.

கட்டை கையில் இல்லாதவர்களுக்கு ஒரு குறிப்பு. பலமுகக் கட்டைகள் நம் பக்கத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பவை அல்ல. மின்சாரம் நின்றால் திரையில் உருளும் கட்டையும் நின்றுவிடும். ஆறு சோகிகளை (சோழிகளை) குலுக்கிப் போட்டு, வாய் மேலே பார்த்து விழுந்தவற்றை எண்ணினால் 0 முதல் 6 வரை ஏழு விடைகள் வரும். ஒவ்வொரு சோகியும் இருபக்கமும் சமமாக விழுமென்று கொண்டால் அவற்றின் எடைகள் முறையே 1, 6, 15, 20, 15, 6, 1, மொத்தம் 64. அபூர்வமானவற்றை இரு முனைகளிலும் வழமையானவற்றை நடுவிலும் வைப்பதற்கு இதைவிட வசதியான கருவி இல்லை. உண்மையில் சோகி சரிபாதியாக விழுவதில்லை, முதுகின் வளைவும் பருமனும் விளைவை ஒரு பக்கம் சாய்க்கும். ஆகவே தமது சோகிகளைப் பலமுறை போட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. இத்தகைய அட்டவணையைப் பகிர்பவர் சோகிக்காக எழுதியது என்று தலைப்பில் குறிக்காவிட்டால், பெறுபவர் அந்த ஏழு வரிகளையும் சமமாக்கி, 64இல் ஒன்றாக இருந்ததை ஏழில் ஒன்றாக்கிவிடுவார்.

எதை அட்டவணையில் வைக்கக்கூடாது என்ற கேள்வியும் எடையோடு தொடர்புடையதே. வன்னியை ஆட்டக்களமாக்கும் ஒருவருக்குக் கண்ணிவெடி ஒரு வரியாகத் தோன்றக்கூடும். 2009க்குப் பிறகு ஆண்டுக்கணக்காக அகற்றும் பணி நடந்துவரும் நிலம் இது. அந்த வரி பொய்யாகாது. இருந்தும் நான் அதை எழுத மாட்டேன். எழுமாற்று அட்டவணையின் இயல்பு, யார் என்ன செய்தார் என்று பாராமல் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவது. அப்படித்தான் அது மனிதருக்கு நிஜத்திலும் நேர்ந்தது. மேசையில் இருப்பவர்களுள் யாருடைய வீட்டில் அது நேர்ந்தது என்பது, அட்டவணையைத் தொலைவிலிருந்து பதிவிறக்கிய நடத்துநருக்குத் தெரியாது. அக்கதையைச் சொல்ல ஒரு குழு விரும்பினால், கூடிப் பேசி முடிவெடுத்துச் சொல்லட்டும். 36இல் 1 என்ற எண்ணிடம் அதை விடக்கூடாது. போர், இடப்பெயர்வு, காணாமற்போனோர் தொடர்பான வரிகளை எழுதியே ஆக வேண்டுமென்று கருதுபவர், அவற்றைத் தனி உபஅட்டவணையில் வைத்து, அதை நீக்கினாலும் மூல அட்டவணை முழுமையாக இயங்கும்படி எண்களை அமைப்பது குறைந்தபட்ச மரியாதை.

கோயிற்காரியங்களிலும் எல்லை உண்டு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கால்நடையாகப் போகும் அடியவர்களை வழியில் சந்திப்பது நல்லதொரு வரி. அந்த மாதத்தில் அதற்குப் பெரிய எடையும் கொடுக்கலாம். கடல்நீரில் விளக்கெரியும் அங்குள்ள வழிபாட்டைக் கொள்ளைப்பொருள் அட்டவணையில் மந்திர விளக்காக்கிச் சேர்ப்பது வேறு. சட்டம் அதைத் தடுக்காது என்பதற்காக அது சரியாகிவிடாது.

சட்டம் எதைத் தடுக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் எண்ணங்களுக்கும் செயன்முறைகளுக்கும் பாதுகாப்புத் தருவதில்லை. அவை எழுதப்பட்ட வடிவத்துக்கே தருகிறது. இரண்டு கட்டைகளை உருட்டி விடை பார்க்கும் முறை யாருக்கும் சொந்தமில்லை. வரிகளின் வாசகமோ எழுதியவருக்கு உரியது, அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும். நூறு வரிகளை முப்பது பேர் சேர்ந்து எழுதிய பொது அட்டவணையில் உரிமை முப்பது கூறாகக் கிடக்கிறது. எவரும் உரிமம் எதையும் குறிக்காமல் விட்டிருந்தால், அதைத் திருத்தி மறுபடி வெளியிட விரும்பும் நேர்மையான மனிதர் முப்பது பேரையும் தேடித் திரிய வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் ஒன்றைத் தொடக்கத்திலேயே குறித்து, பங்களிப்பவர் அனைவரும் அதற்கு உடன்பட்டே வரி சேர்க்கிறார்கள் என்று சொல்லிவிடுவதே எளிய வழி. பெயர் குறிப்பிட்டால் போதும் என்னும் உரிமம் அட்டவணைகளுக்குப் பொருந்தும். எல்லா உரிமையையும் கைவிடும் சுழிய உரிமம் இன்னும் இலகு. தன்னைப்போலவே பகிர வேண்டும் என்ற நிபந்தனையுள்ள அட்டவணையையும், வணிகப் பயன் கூடாது என்ற நிபந்தனையுள்ளதையும் கலந்து ஒன்றாக்கி வெளியிட முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

2023 ஜனவரியில் நடந்தது இதற்குப் பாடம். 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த திறந்த விளையாட்டு உரிமத்தை மாற்ற, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட் நிறுவனம் முயன்றது. வரைவு வெளியில் கசிந்து பெரும் எதிர்ப்பு எழுந்தபின், அந்நிறுவனம் தன் அடிப்படை விதித்தொகுப்பை அதே மாத இறுதியில் பெயர் குறிப்பிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அதிலுள்ள விலங்குகளையும் விதிகளையும் மேற்கோள் காட்டும் தமிழ் அட்டவணையும் அந்த உரிமம் கேட்கும் நன்றிக்குறிப்பை இட்டால் போதுமானது.

இனி எழுத்துரு. இலங்கையில் தமிழ்த் தட்டச்சுப் பழகியவர்கள் பலரின் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இன்னும் உண்டு. அவற்றில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு இல்லாத கணினியில் அவை அர்த்தமற்ற குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றாமல் மெய்நிகர் மேசையில் ஏற்றினால் அங்கும் அதே குவியல்தான் தெரியும். யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. கொக்கிளாய் என்பதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஓர் அட்டவணையின் விடை இன்னோர் அட்டவணையைப் பெயரால் அழைக்கும்போது, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருள் இரண்டையும் வெவ்வேறாகக் கருதி, அப்படியொரு அட்டவணை இல்லை என்று சொல்லிவிடும். உள்ளே அழைக்கப்படும் அட்டவணைகளுக்குத் தமிழ்ப் பெயரோடு ஓர் எண்ணையும் இட்டு, அந்த எண்ணாலேயே அழைப்பது நல்லது. எக்செல்லில் திறப்பதற்கென்று காற்புள்ளியிட்ட கோப்பாகக் கொடுப்பவர், யூடிஎஃப்-8 என்ற அடையாளக்குறியோடு சேமிக்க வேண்டும். தவறினால் தமிழ் சிதறும். பிடிஎஃப் மட்டும் கொடுப்பது மோசம். அதிலிருந்து பிரதியெடுக்கும்போது கொம்புகளும் கால்களும் இடம் மாறி வருவதைத் தமிழ் வாசகர் எவரும் கண்டிருப்பர்.

மென்பொருளின் சொந்தக் கோப்பை மட்டும் நம்புவதும் ஆபத்து. பவுண்ட்ரி 2023இல் தன் 11ஆம் பதிப்பில் தொகுப்புகளைச் சேமிக்கும் முறையையே மாற்றியது. முன்னர் சாதாரண எழுத்துக்கோப்பாகத் திறந்து வாசிக்கக்கூடியதாக இருந்தவை அதன்பின் அப்படி இல்லை. ஆகவே மென்பொருளுக்குரிய ஜேசன் கோப்போடு வெறும் எழுத்துக்கோப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பதே நீடித்து நிற்கும் வழி. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டு எடுக்கும். வரிக்கு அறுபது குறியெண்கள் கொண்ட நூறு வரி அட்டவணை 18 கிலோபைட்டு அளவில் அடங்கிவிடும், எவ்வளவு மந்தமான இணைப்பிலும் போய்ச் சேரும். அதன் தலைப்பகுதியில் எந்தக் கட்டை, எப்போது உருட்டுவது, எந்தப் பருவம், வந்த வரி மீண்டும் வரலாமா, எந்த உரிமம் என்பன இருக்கட்டும். ஒவ்வொரு வரியிலும் எண் வீச்சு, எடை, வாசகம் என மூன்று நிரல்கள் போதும்.

நான்காவதாக ஒரு நிரலையும் நான் பரிந்துரைப்பேன்: எடைக்கான காரணம். கரடிக்கு நேரே "பாலைப்பழக் காலத்தில் 3, மற்றைய மாதங்களில் 1" என்று ஒரு குறிப்பு இருந்தால், ரொறன்ரோவில் இருக்கும் சகோதரி தன் மேசைக்கு ஏற்ப அதை 5 ஆக்கும்போது எதை மாற்றுகிறாள் என்று தெரிந்து மாற்றுவாள். அவள் தன் பிரதியில் அந்த மாற்றத்தையும் ஒரு வரியில் குறித்துவிட்டால், மூன்றாவதாகப் பெறுபவர் இரண்டு எண்களில் தமக்கு உரியதைத் தெரிந்தெடுக்கலாம்.